இரண்டு கெட்டில், ஒரு வாளி, ஒரு பழைய போர்வை

எட்டு பவுண்டு கெட்டில் இரண்டை வாங்கி வந்து, அரைமணி நேரத்தில் இரண்டையும் ரம்பத்தால் அறுத்துப் போட்டேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "புதுசுடா அது" என்றார். "தெரியும்மா" என்றேன். கெட்டில் எனக்கு வேண்டாம், அதன் வயிற்றில் இருக்கும் எலிமெண்ட்தான் வேண்டும், அதைப் பீர் வாளிக்குள் வைக்கப்போகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

'வீட்டிலேயே காய்ச்சுகிறான்' என்று ஊரில் ஒருவனைப் பற்றிச் சொன்னால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அம்மா முகத்திலும் அதுதான் ஓடியது. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் தயாரிக்கலாம். 1880-இல் வந்த சட்டப்படி அதற்கு உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 1963 பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் அதை எடுத்துவிட்டார். விற்கக் கூடாது. காய்ச்சிச் சாராயமாக வடிக்கவும் கூடாது. உரிமம் இல்லாமல் அது இங்கேயும் குற்றம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அங்கிருந்து வாசிக்கிறவர்கள் இதை வேடிக்கையாக மட்டும் படியுங்கள்.

எங்கள் வீடு கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில். இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய பழைய வீடு, சின்ன அடுப்படி. அதுவரை காஸ் அடுப்பில்தான் காய்ச்சிக்கொண்டிருந்தேன். 25 லிட்டர் கொதிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். அப்புறமும் தளதளவென்று கொதிக்காது, ஓரத்தில் மட்டும் முனகும். பீருக்கு அது போதாது. மால்ட் என்றால் முளைகட்டிக் காயவைத்த பார்லி. அதை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறு ஒரு மணி நேரம் நன்றாகக் கொதித்தால்தான், அதில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பு இறங்கும். அவித்த சோளம் மாதிரி அடிக்கும் ஒரு வாசமும் ஆவியோடு போகும். என் முதல் மூன்று பீரிலும் அந்தச் சோளம் இருந்தது.

எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் எலெக்ட்ரிக் பாத்திரங்கள் கடையில் கிடைக்கின்றன, பல நூறு பவுண்டுக்கு. மனைவி 100 பவுண்டுக்கு ஒப்புக்கொண்டாள், அதுவும் பப்பில் நான் செய்யும் செலவைக் கணக்குக் காட்டிய பிறகு.

வேலையில் இறங்கும் முன் ஒரு பள்ளிக்கூடக் கணக்கு போட்டேன். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வேண்டும். குழாயில் 12 டிகிரியில் வரும் 25 லிட்டரை 69 டிகிரிக்குக் கொண்டுபோக 6,000 கிலோஜூல். ஒரு கெட்டில் எலிமெண்ட் 2.4 கிலோவாட். ஒன்று மட்டும் இருந்தால் 40 நிமிடத்துக்கு மேல், இரண்டு இருந்தால் அதில் பாதி. கொதி வந்துவிட்டால் ஒன்றே போதும். ஒரு மணி நேரத்தில் சுமார் 3 லிட்டர் ஆவியாகும், அதுதான் நல்ல கொதி. ஆகவே இரண்டு எலிமெண்ட், இரண்டு சுவிட்ச். சூடேற்ற இரண்டும், கொதிக்க ஒன்று. என் மொத்த வடிவமைப்பும் இவ்வளவுதான். இதோடு நிறுத்தியிருந்தால் 35 பவுண்டு மிஞ்சியிருக்கும். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கெட்டில் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். அடியில் வழவழப்பான தட்டு மட்டும் தெரிந்தால் அது உதவாது. எலிமெண்ட் சுருள் வெளியே தெரிய வேண்டும், பின்னால் வயரைச் செருகும் வாய் இருக்க வேண்டும். கொதி வந்ததும் தானாக அணைவது ஆவி படுவதால் நடக்கிற வேலை. எலிமெண்டின் பின்பக்கம் வாளிக்கு வெளியே இருப்பதால் அங்கே ஆவி எட்டாது. தண்ணீர் வற்றினால் அணைக்கும் பாதுகாப்பு வேறு. அதில் கை வைக்காதீர்கள்.

வாளி 33 லிட்டர், பீர் புளிக்கவைக்க விற்கும் பிளாஸ்டிக் வாளி. அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருக்கும் பாலிபுரோப்பிலீன். கொதிக்கும்போது கொஞ்சம் இளகும், தொட்டால் சுவர் உள்வாங்கும், ஆனால் தாங்கும். சமதளத்தில் வைக்க வேண்டும். ஸ்டூல் மேல் வைப்பதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். 25 லிட்டர் கொதிநீர் கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

40 மில்லிமீட்டர் ஹோல் சா மாட்டி, அடியிலிருந்து நாலு விரற்கடை மேலே, எதிரெதிராக இரண்டு ஓட்டை போட்டேன். ட்ரில் மெதுவாக ஓட வேண்டும், அவசரப்பட்டால் பிளாஸ்டிக் உருகி விளிம்பில் கட்டிக்கொள்ளும். ரப்பர் வாஷர் உள்பக்கம். மாட்டி முடித்து, குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, கீழே காகிதம் விரித்துவிட்டுத் தூங்கப்போனேன். காலையில் காகிதத்தில் உள்ளங்கை அளவு ஈரம். கழற்றிப் பார்த்தால் ஓட்டையின் விளிம்பில் தலைமயிர் தடிமனுக்கு ஒரு பிசிறு, வாஷர் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிளேடால் சீவிவிட்டு மாட்டினேன், நின்றது. அந்த ஒரு ராத்திரிச் சோதனையை யாரும் விட்டுவிட வேண்டாம். கசியும் தண்ணீர் இறங்கும் இடத்தில்தான் மின்சார வாய் இருக்கிறது.

இனி வயர். கெட்டிலோடு வரும் வயர் முக்கால் மீட்டர்தான், வாளியிலிருந்து சாக்கெட் வரை எட்டாது. வீட்டில் கம்ப்யூட்டர் வயர் நாலைந்து சும்மா கிடந்தது. பார்க்க ஒரே மாதிரி. ஆனால் கெட்டிலின் வாயில் கீழே ஒரு சின்ன மேடு இருக்கிறது; கெட்டில் வயரின் முனையில் அதற்குப் பொருந்தும் ஒரு பள்ளம். கம்ப்யூட்டர் வயரில் அந்தப் பள்ளம் இல்லை, அதனால் உள்ளே போகாது. சரி, ஒரு பள்ளம்தானே என்று அரத்தை எடுத்து ராவினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்குள்ளே ஒரு பெருமை வேறு.

முதல் கொதியில் நாற்பதாவது நிமிடம். மால்ட் வாசத்துக்கு நடுவில் வேறொரு வாசம், மீன் கருகுவது மாதிரி. குனிந்து பார்த்தால் ஒரு வயர்முனை பளபளக்கிறது. பிளாஸ்டிக் வியர்த்தால் அப்படித்தான் இருக்கும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டு இழுத்தேன், வரவில்லை. ஆறிய பிறகு குறடு போட்டு இழுத்ததில் பாதி முனை வாயிலேயே தங்கிவிட்டது. ஒரு துளை காப்பி நிறத்தில் பொரிந்து போயிருந்தது.

அந்தப் பள்ளம் எதற்கு என்று அப்புறம்தான் படித்தேன். இரண்டு வயருமே 10 ஆம்பியருக்கு உரியவைதான். ஆனால் கம்ப்யூட்டர் வயரின் முனை 70 டிகிரி வரைதான் தாங்கும், கெட்டில் வயரின் முனை 120 டிகிரி வரை. தவறானது உள்ளே போகக் கூடாது என்பதற்காகவே அந்த மேட்டை வைத்திருக்கிறார்கள். நான் அரம் வைத்து ராவியது பிளாஸ்டிக்கை மட்டும் இல்லை. சூடு தாங்கும் வகையில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு வயர் கிடைக்கிறது, ஒன்று 6 பவுண்டு. அந்தப் பன்னிரண்டு பவுண்டை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு கெட்டிலையே இழந்து, இன்னொன்று வாங்கினேன்.

அதோடு புத்தி வந்து, நாலு வீடு தள்ளி இருக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணையைக் கூப்பிட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தத் தெருவில் பாதி வீட்டு வயரிங் அவர் கைப்பட்டது. வாளியைச் சுற்றி ஒரு நடை வந்தார். ருசி பார்க்கத் தருகிறேன் என்றேன், காதில் வாங்கவில்லை.

"தம்பி, உதில எர்த் எங்க?"

காட்டினேன். எலிமெண்டின் உலோக உறை எர்த்தில் இருக்கிறது, வாளி பிளாஸ்டிக்.

"ஆர்.சி.டி.?"

மின்சாரம் கசிந்தால் இணைப்பை வெட்டிவிடும் கருவி அது. எங்கள் வீட்டு மெயின் பெட்டியில் இல்லை.

"உறை வெடிச்சா வாளியில இருக்கிறதெல்லாம் கரண்ட். நீர் கரண்டியால கலக்குவீர். பிறகு ஆர் வாறது?"

அன்றைக்கே சாக்கெட்டில் செருகும் வகையில் இரண்டு ஆர்.சி.டி. வாங்கினேன், இரண்டும் சேர்ந்து 20 பவுண்டு. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே சட்டென்று வெட்டிவிடும். ஒவ்வொரு முறையும் காய்ச்சும் முன் அதன் 'டெஸ்ட்' பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். சமையலுக்கு முன் அடுப்பைத் துடைப்பது மாதிரி பழகிவிட்டது. அண்ணை சொன்ன இன்னொன்று எனக்குப் புதுசு. இங்கே ஒரு பிளக்குக்கு 13 ஆம்பியர். அதற்காக இரட்டை சாக்கெட்டுக்கு 26 என்று கணக்குப் போடக் கூடாது. மொத்தமே 20-க்குத்தான் அதைச் சோதிக்கிறார்கள். என் இரண்டு எலிமெண்டும் சேர்ந்தால் சரியாக 20. அதனால் ஒன்றை அடுப்படியிலும் இன்னொன்றை நடைவழியிலும் செருகச் சொன்னார். சுருட்டிவைத்த எக்ஸ்டென்ஷன் வயரில் செருகவே கூடாது. சுருளுக்குள் சூடு தங்கி, உருகிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

மின்சாரம் இவ்வளவுதான். மீதியில் தாராளமாகக் கஞ்சத்தனம் செய்யலாம்.

மால்ட்டை ஊறவைக்கத் தனிப் பாத்திரம் இல்லாமல், ஒரே வாளியில் துணிப்பைக்குள் போட்டு ஊறவைத்து, பையை மட்டும் தூக்கிவிடும் முறை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் தொடங்கிப் பரவியது. பாத்திரம் ஒன்று, பம்ப் கிடையாது, ஏழைக்கேற்ற முறை. பைக்கு நான் முதலில் எடுத்தது என் பழைய வேட்டி. நெசவு ரொம்ப நெருக்கம். தூக்கினால் சாறு இறங்கவே இல்லை, பத்து கிலோ சேற்று மூட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். பிழிந்தும் பாதிதான் வந்தது. அதற்குப் பிறகு ஜன்னல் திரைக்குப் போடும் 'வாய்ல்' என்ற மெல்லிய துணியை 5 பவுண்டுக்கு வாங்கி, வாளியின் வாயில் மடித்துவிடும் அளவுக்கு அம்மா தைத்துக்கொடுத்தார். எதற்கு என்று அப்போதும் கேட்கவில்லை.

பை எலிமெண்ட் மேல் படிந்தால் கருகும். துணி பொத்தலாவது மட்டும் இல்லை, பீர் முழுக்கப் புகைநாற்றம். அந்த ஒரு தொகுதியை வேறு வழியில்லாமல் 'ஸ்மோக்டு' என்று பெயர் வைத்து நண்பர்களுக்குக் கொடுத்தேன், ஒருவர் மட்டும் இரண்டாவது கிளாஸ் கேட்டார். இடியாப்பம் அவிக்கும் பெரிய ஓட்டைத் தட்டு ஒன்றை முக்காலி மேல் வைத்து எலிமெண்டுக்கு மேலே நிறுத்திவிட்டேன். இன்றுவரை அதுதான்.

இப்போது அந்த 35 பவுண்டு. மால்ட்டை 66 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். அதில் இருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்க அது நல்ல சூடு. 60-ஐ ஒட்டினால் பீர் வறண்டு ஒல்லியாக வரும், 70-ஐ ஒட்டினால் கனமாகத் தித்திப்பாக. ஒரு டிகிரிகூட நகரக் கூடாது என்று எனக்குள் ஒரு இன்ஜினீயர் எழுந்து உட்கார்ந்துகொண்டான். சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் பி.ஐ.டி. கன்ட்ரோலர், சென்சார், அது சொன்னபடி மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்சாக 40 ஆம்பியர் என்று அச்சடித்த சாலிட் ஸ்டேட் ரிலே எல்லாம் தருவித்து, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்தேன். பச்சை எண்கள் மின்ன, பார்க்க விமான அறை மாதிரி இருந்தது.

அந்த ரிலே ஓடும்போது ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்குக் குறையாமல் தானே சூடாகும். அலுமினியத் தகட்டில் பொருத்தி, டப்பாவுக்கு வெளியே காற்றுப்பட வைக்க வேண்டும். நான் வைத்தது டப்பாவுக்குள்ளே. மூன்றாவது முறை அது செத்தது. செத்தால் அணைந்துவிடும் என்றுதானே நினைப்போம்? இந்த வகை ரிலே பெரும்பாலும் ஒட்டிக்கொண்ட நிலையில்தான் சாகும். மால்ட் போட்டுப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவதற்குள் 78 டிகிரி. நொதிகள் வெந்துவிட்டன. புளித்து முடித்த பிறகும் அடர்த்தி 1.022-இல் நின்றது (1.010-க்கு இறங்க வேண்டியது), குடித்தால் ஹாப்ஸ் போட்ட பார்லிக் கஞ்சி.

அடுத்த முறை பெட்டியை ஓரம் வைத்துவிட்டேன். 25 லிட்டரை 69 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு பிளக்கையும் பிடுங்கிவிட்டு, 4.2 கிலோ மால்ட்டைக் கட்டி விழாமல் கலந்தேன். 66-இல் வந்து நின்றது. மூடிபோட்டு, ஒரு பழைய குளிர்காலப் போர்வையால் சுற்றிவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பிரித்தால் அறுபத்து நாலரை. ஒன்றரை டிகிரிக்காகவா அந்த விமான அறை? 25 லிட்டர் வெந்நீர் அவ்வளவு சுலபத்தில் ஆறாது. பாட்டி சோற்றுப்பானையை வைக்கோலில் புதைத்து வைத்ததும் இதே கணக்குதான்.

பையைத் தூக்கி வடியவிட்டு, 4 லிட்டர் வெந்நீரால் அலசினால் வாளியில் மறுபடி 25 லிட்டர் சேரும். மால்ட் குடித்தது கழிந்துவிடும். இரண்டு எலிமெண்டும் போட்டால் கால்மணி நேரத்தில் கொதி. அந்த நேரம் அங்கேயே நில்லுங்கள், பால் மாதிரியே பொங்கும். நுரை எழுந்ததும் ஒன்றை அணைத்துவிட்டுக் கரண்டியால் கிளறினால் அடங்கிவிடும். கொதிக்கும்போது மூடியைப் போடக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். நான் முதல் குளிர்காலத்தில் ஜன்னலை மூடி வைத்துக் காய்ச்சியதில், சுவரில் ஒட்டியிருந்த காகிதம் ஒரு மூலையில் எழுந்து நின்றது. மனைவி இன்னும் அதை மறக்கவில்லை.

ஆறவைக்க 10 மில்லிமீட்டர் செம்புக்குழாய், 10 மீட்டர் சுருள், 35 பவுண்டு. எல்லாவற்றிலும் விலை கூடியது இதுதான், ஆனாலும் வாங்குங்கள். பெரிய குக்கரைச் சுற்றி வளைத்தேன்; மெதுவாக, இரண்டு கையாலும். கொதி முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே சுருளை உள்ளே இறக்கினால் அதுவும் சுத்தமாகிவிடும். குளிர்காலத்தில் 25 நிமிடத்தில் 20 டிகிரி. ஆகஸ்டில் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பாக வரும், காத்திருக்க வேண்டியதுதான். சுருளிலிருந்து முதலில் வெளிவரும் சூடான தண்ணீரைப் பிடித்துவைத்து வாளி கழுவுகிறேன்.

லண்டன் தண்ணீர் கடினமானது, சுண்ணாம்பு அதிகம். போர்ட்டர் என்ற கறுப்பு நிறப் பீர் 18-ஆம் நூற்றாண்டில் இந்த ஊரில் பெரிதானதற்கு இந்தத் தண்ணீரும் ஒரு காரணம். வறுத்த மால்ட்டின் புளிப்பு சுண்ணாம்பைச் சரிக்கட்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கே கறுப்பிலேயே தொடங்கலாம். வெளிர்நிறப் பீர் என்றால் கொஞ்சம் லாக்டிக் அமிலம் விட வேண்டும். எதுவானாலும் அரை கேம்ப்டன் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள், குளோரின் போய்விடும். அந்தச் சுண்ணாம்பு எலிமெண்டிலும் படியும். படிந்த இடத்தில் சூடு தேங்கி, கொதிக்கு நடுவில் பாதுகாப்பு வெட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முடிந்ததும் எலிமெண்ட் முழுக்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கரண்டி சிட்ரிக் அமிலம் போட்டுச் சூடாக்கிக் கழுவுகிறேன்.

புளிக்கவைப்பதில் எனக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மாடிப்படிக்குக் கீழே இருட்டில், 18-லிருந்து 20 டிகிரி, இரண்டு வாரம். மாரிஸ் ஆட்டர் மால்ட், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் ஹாப்ஸ். அடர்த்தி 1.042-இல் தொடங்கி 1.010-இல் முடியும், ஆல்கஹால் 4.2 சதவீதம். அரை லிட்டர் பாட்டில் 40 வரும்.

கணக்கு: வாளி 12, கெட்டில் 16, ஹோல் சா 8, குழாய்த் திருகு 4, துணி 5, செம்பு 35, ஆர்.சி.டி. 20. சரியாக 100. அதற்கு மேல் வயருக்கு 12. உருகிப்போன கெட்டிலையும் விமான அறையையும் இதில் சேர்க்கவில்லை, மனைவியிடமும் சேர்த்துச் சொல்லவில்லை. ஒரு முறை காய்ச்ச ஐந்தரை யூனிட் மின்சாரம் ஆகிறது. யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தாலும் ஒன்றரை பவுண்டைத் தாண்டாது.

பி.ஐ.டி. பெட்டி வீணாகவில்லை. லண்டன் குளிரில் இட்லி மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. ரிலேயை மாற்றி, இந்த முறை தகட்டில் பொருத்தி, 25 வாட் சூட்டுப்பாயோடு இணைத்து ஒரு தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். 30 டிகிரிக்கு வைத்தால் விடியும்போது மாவு பாத்திரத்தின் விளிம்பில் நிற்கிறது. ரிலே மறுபடி ஒட்டிக்கொண்டாலும் 25 வாட்டில் பெரிதாக ஒன்றும் வேகாது. அம்மா ஊருக்குப் போகும்போது, அந்த மாதிரி ஒன்று அண்ணன் வீட்டுக்கும் செய்துகொடு என்றார். அவன் இருப்பது மதுரையில். அங்கே எதற்கு?